செவிலியர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறோம்

இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்த 2018-20 காலகட்டத்தில், தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. இங்கு நடக்கும் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளிலேயே நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் மேடைதோறும் எடுத்துச் சொல்லும் பெருமை இது. சொல்லத் தகுந்த பெருமைதான். ஆனால் அது யாருடைய உழைப்பில் நிற்கிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க முடியும் என்று தமிழ்நாடு காட்டியது, ஒரு நிலையத்துக்கு மூன்று செவிலியர்கள் என்ற ஏற்பாட்டின் பலத்தில். மூவரும் மாறி மாறி வேலை பார்ப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு 108 வண்டி ஒரு கர்ப்பிணியை இறக்கிவிட்டுப் போகும்போது அங்கே பெரும்பாலும் இருப்பது ஒரு செவிலியரும் ஓர் உதவியாளரும் மட்டுமே. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கணிப்பது, பிரசவமானதும் ஊசி போடுவது, உதிரப்போக்கு நிற்கிறதா என்று வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பது எல்லாம் அவர் வேலை. இது இங்கே தாங்காது, அவசரப் பிரசவ சிகிச்சைக்கான சீமாங் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சரியான நிமிடத்தில் முடிவெடுப்பதும் அவரே. அந்த முடிவு அரை மணி நேரம் பிந்தினாலும் தாய் பிழைக்காமல் போகலாம். இப்படிப்பட்ட பொறுப்பைத் தாங்கிய செவிலியர்களில் பெரும்பகுதியினரை நாம் தொகுப்பூதியத்தில்தான் வைத்திருந்தோம், இன்னும் பலரை அப்படியே வைத்திருக்கிறோம்.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி, ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தேர்ந்தெடுத்தது. மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழிந்ததும் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்று நம்பி அவர்கள் வேலையில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2017 நவம்பரில் அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்கக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. உயர் நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொன்னது; திரும்பினார்கள். பிறகு சம்பளம் 14,000 ஆனது, அதன்பின் 18,000 ஆனது. ஒரு பகுதியினர் நிரந்தரம் ஆனார்கள், மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அடுத்து வந்தது கொரோனா. வீட்டுக்கு வெளியே கால் வைக்க நாடே அஞ்சிய நாட்களில் இன்னொரு தொகுதிச் செவிலியர்கள் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள். தொற்று தணிந்தபின், 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று அறிவிக்கப்பட்டது. புத்தாண்டு அன்று அவர்கள் தெருவில் நின்றார்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக மாற்றுப் பணி தருகிறோம் என்று அரசு பிறகு சொன்னது, அதுவும் தொகுப்பூதியமே. ஒப்பந்தச் செவிலியர்களை நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் வாக்களித்துவிட்டு ஆட்சிக்கு வந்த அரசு அது. முந்தைய ஆட்சி செய்ததைத் தொடர்ந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் இல்லை. இதில் எந்தக் கட்சிக்கும் நற்சான்று கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிறருக்குப் பிரசவம் பார்க்கும் இந்தப் பெண்கள், தங்கள் பிரசவத்துக்குச் சம்பளத்துடன் விடுப்பு கேட்டு உயர் நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருந்தது. சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தின் வாசகம் பறித்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது பேசுபொருளே ஆனது. ஒரு நல்லரசு இதை நீதிமன்றம் வரை போகவிட்டிருக்கக் கூடாது.

அரசு மருத்துவமனை பற்றி இவ்வளவு பேசக் காரணம், அங்கே நடப்பது வெளியே தெரிகிறது, போராட வழி இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அதுவும் இல்லை. படிப்பை முடித்துவிட்டு வரும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுத்த பாண்டு முடியும் முன் விலகினால் பணம் கட்டு என்பார்கள். பன்னிரண்டு மணி நேர டூட்டி. அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் வரவில்லை என்றால் அதுவே பதினெட்டு மணி நேரம். விடுதியும் மருத்துவமனையின் கையில் இருப்பதால், ‘முடியாது’ என்று சொல்பவளுக்கு அன்றிரவு படுக்க இடம் இருக்குமா என்பதும் நிச்சயமில்லை.

சம்பளத்துக்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பதுக்குக் குறைவான படுக்கைகள் உள்ள மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றது அந்தக் குழு. பக்கத்திலுள்ள கேரளத்தில் 2011 முதல் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு, வேலைநிறுத்தம் செய்து, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு அரசாணை வாங்கினார்கள். அங்கேயும் அதை எல்லா நிர்வாகமும் மதித்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் கேட்க ஓர் ஆணை கிடைத்தது. குழுவின் பரிந்துரை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், அந்த அளவுகோலைத் தொடாத மருத்துவமனைகள் தமிழ்நாட்டில் எங்கும் உண்டு.

சம்பளம் ஒரு பாதி. செவிலியர்கள் வேலையை விட்டுப் போகும்போது சொல்லும் மறுபாதியை நிர்வாகங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. நோயாளிக்கும் உறவினர்களுக்கும் முன்னால் கேஸ் ஷீட்டை முகத்தில் எறிந்த மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கப்படாது. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று மூன்று நாள் லீவு கேட்டவளிடம், வேறு ஆளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போ என்பார்கள். உட்கார்ந்தால் தவறு, சிசிடிவியில் பார்த்துவிட்டு மேலாளர் போன் செய்வார். மாதவிடாய் நாளில்கூடக் கழிவறைக்குப் போக இன்னொருவர் வந்து வார்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த இன்னொருவர் இருப்பதில்லை. பில் தொகை கூடிவிட்ட கோபத்தை நோயாளியின் அண்ணன் காட்டுவது கணக்குப் பிரிவில் இல்லை, கையில் கிடைத்த சிஸ்டரிடம். இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலைப் பேருந்துக்கு நடக்கும்போது வரும் பயம் யாருடைய பொறுப்பு என்பதற்கும் பதில் கிடையாது.

இவற்றை ‘தொழிலில் சகஜம்’ என்று ஒதுக்க நம் சமூகம் பழகியிருப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்தவர் உடலின் கழிவைத் தொடும் வேலை, இரவில் வெளியே தங்கும் வேலை, முன்பின் அறியாத ஆண்களைக் குளிப்பாட்டும் வேலை என்று சாதியின் கண்ணும் ஆண்மையின் கண்ணும் சேர்ந்து இந்தத் தொழிலைத் தாழ்வாகப் பார்த்தன. நல்ல குடும்பத்துப் பெண் போகக் கூடாத வேலை என்று சொன்ன தலைமுறை முற்றாக மறைந்துவிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ‘கல்யாணத்துக்கப்புறம் நைட் டூட்டி வேண்டாம்’ என்று நிபந்தனை போடும்போது, அந்தப் பழைய பார்வைதான் பேசுகிறது. மருத்துவமனை நிர்வாகங்கள் அதே பார்வையைச் சம்பளப் பட்டியலிலும் பணிப் பட்டியலிலும் எழுதிவைத்திருக்கின்றன.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய அருணா ஷான்பாக்கை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? கர்நாடகத்தின் கடலோர ஊரிலிருந்து செவிலியராக வந்த இளம்பெண். 1973 நவம்பர் 27 அன்று, பணி முடிந்து மருத்துவமனையின் அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர் ஒருவனால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். மூளைக்கு ரத்தம் போகாததால் நினைவிழந்தார். அதன்பின் ஏறக்குறைய 42 ஆண்டுகள், 2015 மே 18 அன்று இறக்கும்வரை, அதே மருத்துவமனையின் ஒரு படுக்கையில் கிடந்தார். குற்றவாளிக்குத் திருட்டுக்கும் தாக்குதலுக்கும் மட்டுமே ஏழாண்டுத் தண்டனை கிடைத்தது. பாலியல் வன்முறைக் குற்றம் வழக்கில் இடம்பெறவே இல்லை.

அந்த 42 ஆண்டுகளும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தது அங்கே மாறி மாறி வந்த செவிலியர் தலைமுறைகள். பலர் அவர் தாக்கப்பட்டபோது பிறந்தேயிராதவர்கள். இத்தனை ஆண்டுகள் படுக்கையில் இருந்தும் படுக்கைப்புண் இல்லை என்று, அவரைப் பற்றிய கருணைக்கொலை வழக்கில் 2011-இல் தீர்ப்பெழுதிய உச்ச நீதிமன்றம் வியந்தது. அவர் சார்பில் பேசும் உரிமை அவரைப் பராமரித்த அந்த ஊழியர்களுக்கே உண்டு என்றது. கருணைக்கொலை பற்றிய தீர்ப்பாகவே அது நம் நினைவில் தங்கிவிட்டது. ஒரு செவிலியர் உடை மாற்றப் பூட்டுள்ள அறை இல்லாமல் ஏன் அடித்தளத்துக்குப் போக வேண்டியிருந்தது என்ற முதல் கேள்வி பின்னால் போய்விட்டது. இன்றும் துணி அடுக்கும் அறையிலும் ஸ்டோர் ரூமிலும் உடை மாற்றும் செவிலியர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

இவர்கள் போய்விட்டால் என்ன, வருடாவருடம் கல்லூரிகளிலிருந்து புதிதாக வருகிறார்களே என்று சில நிர்வாகிகள் நினைக்கிறார்கள். இந்த நினைப்புதான் நோயாளியைக் கொல்கிறது. செவிலியர் வளர்வது படிப்படியாக, பல ஆண்டு அனுபவத்தில் என்று அமெரிக்கப் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர் 1984-இலேயே விரிவாக எழுதினார். பத்து ஆண்டு வார்டில் நின்றவருக்கு, பி.பி. எண்ணில் மாற்றம் தெரியும் முன்பே நோயாளியின் முகமும் மூச்சும் ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடும். ராத்திரி மருத்துவரை எழுப்பி ‘சார், வந்து பாருங்க’ என்று வற்புறுத்தும் துணிச்சலும் அந்த அனுபவத்தில் வருவது. வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆன பெண்ணைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனியாக நிறுத்தினால், அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அந்தக் கண் அவளுக்கு இருக்காது. கற்றுக்கொடுக்க வேண்டிய மூத்தவரும் போன வருடமே போய்விட்டார்.

ஆய்வாளர் லிண்டா ஐக்கன் தலைமையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் முப்பது நாட்களுக்குள் இறக்கும் சாத்தியம் 7 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. அதே அளவு சுமை செவிலியர்கள் மனமொடிந்து போகும் சாத்தியத்தை 23 விழுக்காடு கூட்டியது. ஐரோப்பிய நாடுகளில் எடுத்துப் பார்த்தபோதும் 2014-இல் அதே 7 விழுக்காடு வந்தது. பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. உங்கள் ஊர் மருத்துவமனையின் இரவு வார்டில் ஒருமுறை படுக்கைகளை எண்ணிப் பாருங்கள்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்தது நமக்கு எச்சரிக்கை. செலவைக் குறைத்து நல்ல பெயர் வாங்க நினைத்த நிர்வாகம் 2006-07-இல் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க இறங்கி, ஆட்களைக் குறைத்தது. நோயாளிகள் மலம் படிந்த விரிப்பிலேயே மணிக்கணக்கில் கிடந்தார்கள். அவசரப் பிரிவில் நோயாளி எத்தனை மணிக்குப் பார்க்கப்பட்டார் என்று பொய் எழுதச் செவிலியர்களை நிர்ப்பந்தித்தார்கள். அதைப் பற்றிப் புகார் செய்த செவிலியரை உடன் பணியாற்றியவர்களே மிரட்டினார்கள்; இரவில் வேலை முடிந்து தனியாக வெளியே போகவே அவர் அஞ்சினார். விசாரணை நடத்திய ராபர்ட் பிரான்சிஸ் 2013-இல் தந்த அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. வாய் திறக்கும் செவிலியரை ஒரு மருத்துவமனை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்தால், அங்கே நோயாளிக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்துவிடும் என்பதே அந்த அறிக்கையில் நாம் படிப்பது.

வெளிநாட்டுக்குப் போகும் செவிலியர்களைக் குறை சொல்லும் பேச்சு இப்போது அதிகம் கேட்கிறது. அதை நாம் ஏற்கவில்லை. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிய மண் இது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-இல் நாட்டிலேயே முதன்முதலில் செவிலியர் பட்டப்படிப்பு தந்த கல்லூரிகளில் ஒன்றாக வளர்ந்தது. பயிற்றுவிக்க நமக்குத் தெரியும். உலகத்தில் 58 லட்சம் செவிலியர்கள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை கணக்கிடுகிறது. உலகச் செவிலியர்களில் ஏழில் ஒருவர் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை பார்க்கிறார். பணக்கார நாடுகள் கதவைத் திறந்துவைத்திருக்கும்போது, உள்ளே அவமானமும் கடனும் இருந்தால் யார்தான் நிற்பார்கள்? 2014-இல் ஈராக்கின் திக்ரித்தில் போருக்கு நடுவே சிக்கி மீண்ட 46 இந்தியச் செவிலியர்களில் பலர், படிப்புக் கடனும் ஏஜென்டுக்குக் கொடுத்த கடனும் தீராமல் எப்படித் திரும்புவது என்று கலங்கினார்கள். குண்டு விழும் ஊரைவிடச் சொந்த ஊரின் கடன் அவர்களை அதிகம் பயமுறுத்தியது. அவர்களில் ஒருவர் தூத்துக்குடிப் பெண். படிப்புக் கடனை அடைக்க முடியாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு தேசப்பற்றைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

போனவர்கள் திரும்பி வருவார்களா? வருவார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2000-இல் அரசு மருத்துவமனைகளில் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று கட்டாயமாக்கியபோது, தொழிலையே விட்டுப் போயிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வார்டுக்குத் திரும்பினார்கள். கலிபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. முடியாது, மருத்துவமனைகளை மூட வேண்டியிருக்கும் என்று அங்கேயும் நிர்வாகங்கள் கூச்சலிட்டன. சட்டம் இன்றுவரை நிற்கிறது.

தமிழ்நாடு அரசிடம் இதற்கான கருவிகள் இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் 2018-இல் வகுத்த விதிகளும் இருக்கின்றன. உரிமம் தருவதும் புதுப்பிப்பதும் அரசின் கையில். ஷிப்ட்டுக்கு இத்தனை படுக்கைகளுக்கு இத்தனை செவிலியர் என்று அந்த விதிகளில் எழுதி, அன்றைய எண்ணிக்கையை ஒவ்வொரு வார்டு வாசலிலும் நோயாளியின் குடும்பம் படிக்கும்படி எழுதிப்போடச் சொல்ல வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கும் மருத்துவமனைக்கு உரிமம் புதுப்பிக்கப்படக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனைகளுக்கு மக்கள் பணம் போகிறது. அந்தப் பணத்தை வாங்கும் மருத்துவமனை, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு சொன்ன சம்பளத்தைச் செவிலியருக்கு வங்கிக் கணக்கில் கொடுக்கிறதா என்று பார்த்தபின் பட்டியலில் சேர்க்கலாம். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை, துணிவு மட்டும் தேவை.

மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு எதிராக 2008-இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. அதன்படி வழக்குப் பதிய அடிவாங்கிய செவிலியரே காவல் நிலையத்தில் நிற்கும் நிலை மாற வேண்டும். நிர்வாகமே புகார் கொடுப்பது கட்டாயமாக வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளகக் குழு பல மருத்துவமனைகளில் சுவரில் ஒட்டிய ஒரு தாள் மட்டுமே. அதில் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவராவது உறுப்பினராக இருக்கிறாரா என்று மாவட்ட ஆட்சியர்கள் கேட்கட்டும். செவிலியர்களின் பணியிடம், மாறுதல், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றைச் செவிலியர்களே முடிவு செய்யத் தனி இயக்குநரகம் வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. அதை இனியும் ஒத்திப்போட என்ன நியாயம் இருக்கிறது?

தொகுப்பூதியம் பற்றி நம் நிலை தெளிவானது. திடீர் நோய்த்தொற்றுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது புரிகிறது. பிரசவம் தற்காலிகமா? இரவு வார்டு தற்காலிகமா? என்றும் இருக்கும் வேலைக்கு என்றும் தற்காலிகமாகவே ஆள் வைப்பதை அரசு நிறுத்த வேண்டும். காலியிடம் வந்தால் பார்க்கலாம் என்ற பதிலை ஏற்க முடியாது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குவதும் அரசின் கையில்தான் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கையின்போது சட்டப்பேரவையில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படுகிறது. கட்டிய கட்டடங்கள், வாங்கிய ஸ்கேன் கருவிகள், நடந்த அறுவை சிகிச்சைகள் எல்லாம் எண்ணோடு அதில் இருக்கும். அரசுப் பணியிலிருந்தும் உரிமம் பெற்ற தனியார் மருத்துவமனைகளிலிருந்தும் அந்த ஆண்டில் எத்தனை செவிலியர்கள் விலகினார்கள், எத்தனை ஆண்டு அனுபவத்தோடு விலகினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்ற மூன்று விவரங்களையும் மாவட்டவாரியாக அடுத்த குறிப்பில் சேர்க்க வேண்டும். ஆளுங்கட்சி சேர்க்கத் தயங்கினால், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையில் எழுந்து அதைக் கேட்க வேண்டும்.